மனைவியிடம் சொன்ன விலை

கேள்வி: எனக்கு வடவள்ளியில் வீடு, சரவணம்பட்டியில் வேலை. தினமும் சைக்கிளில் அலுவலகம் போக ஆசை. ஞாயிறு காலையில் நண்பர்களோடு தடாகம் பக்கம் மண்பாதையிலும் ஓட்டுவேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள் என்றால் முன்னால் ஷாக் வைத்த எம்டிபி என்கிற மலை சைக்கிள் வாங்கட்டுமா, ரோட்டுக்கும் லேசான மண்பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் வாங்கட்டுமா? எழுபதாயிரம் வரை செலவழிப்பேன் (மனைவியிடம் இருபதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்).
– வாசகர், கோவை

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

எழுபதாயிரத்தில் ஊருக்குள் ஓட்ட ஒரு ஹைபிரிட்டும், மண்ணில் ஓட்ட யாரோ விற்கும் பழைய எம்டிபி ஒன்றும் வாங்கிவிடலாம். வீட்டில் இடமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அப்புறம் ஏன் ஒன்றே ஒன்று? இரண்டாவது சைக்கிள் வாசலில் நின்றால் பணம் ஏது என்று மனைவி கேட்பார். அந்தப் பயம்தான் உங்களுக்காக சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறது.

வாங்கியதோடு செலவு முடியாது. ஹெல்மெட், லைட், பூட்டு இருக்கிறது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தினமும் மிதித்தால் செயினும் பிரேக் பேடும் தேயும், டயர் மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பொய் சொல்வீர்களா? உங்கள் மனைவி ஐம்பதாயிரத்தை மறைத்துத் தனக்கென்று ஒன்று வாங்கியிருந்தால் எனக்கு வந்த கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். குடும்பப் பணத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு இருக்கக் கூடாது. சம்பாதிப்பவர் நீங்கள் என்பதால் அது மாறிவிடாது.

சரி, சைக்கிள். வாரத்தில் ஐந்து நாள் தார் ரோடு, ஒரு நாள் மண். ஒரு நாளுக்காக ஐந்து நாள் ஷாக்கைச் சுமக்காதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க்; ஷாக் வைத்த மலிவான ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். பாறையில் குதிக்கப் போவதில்லை என்றால் அகலமான டயரே போதும். ஷாக் இல்லாத ஃபோர்க், டிஸ்க் பிரேக், 40 முதல் 45 மி.மீ. டயர் நுழைகிற பிரேம், இவை மூன்றையும் பாருங்கள். கேரியரும் மட்கார்டும் மாட்டப் பிரேமில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கோவை வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டீர்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் பட்டன் போன்ற புடைப்புகளோடும் இருக்கிற டயர் இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும். தாரில் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், மண்ணில் இறங்கும் முன் 35. கடையில் 29 இஞ்ச் என்றும் 700சி என்றும் சொல்லிக் குழப்புவார்கள். இரண்டுக்கும் ரிம் அளவு ஒன்றுதான், 622 மி.மீ.

தடாகம் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் திரும்பாதீர்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் எழுபதாயிரம் தேவையில்லை. இன்றைக்கே மனைவியிடம் உண்மைத் தொகையைச் சொல்லி, கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்குள் வாங்குங்கள். ஷாக் இல்லாமல் டிஸ்க் பிரேக் போட்ட ஹைபிரிட் அந்த விலையிலும் உண்டு. டயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.