அறுபதைத் தாண்டினால் சங்கத் தேர்தலில் நிற்கக் கூடாதா?

கேள்வி: எங்கள் தொழிற்சங்க விதிப்படி 60 வயது கடந்தவர் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது. எனக்கு 61. "இது சங்கத்தின் உள்விவகாரம், நீதிமன்றம் தலையிடாது" என்கிறார் செயலாளர். அப்படித்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவர் சொல்வதில் பாதிதான் சரி. சங்கங்களுக்காகவும் உறுப்பினர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். 'உள்விவகாரம்' என்ற வாதத்தை நானும் வைத்ததுண்டு. அதற்கு வலு இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை (1948), தங்கள் விதிகளை வகுக்கவும் பிரதிநிதிகளை முழுச் சுதந்திரத்தோடு தேர்ந்தெடுக்கவும் சங்கங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் அது முதன்மையாக அரசாங்கத்தின் கையைத் தடுப்பதற்கான வேலி. உறுப்பினர் ஒருவரைப் பிறந்த தேதியைக் காட்டி ஒதுக்கும்போது, பல நாடுகளில் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் உள்ளே வந்துவிடுகிறது.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். எச்கே என்ற சங்கத்தின் தனியார் துறைப் பிரிவுக்கு 1993 முதல் தலைவராக இருந்த பெண்மணியால் 2011 தேர்தலில் நிற்க முடியவில்லை. அவருக்கு வயது 63. சங்க விதியில் உச்சவரம்பு 60, மறுதேர்வுக்கு 61. சமத்துவ வாரியம் 2016-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் ஏற்காததால் விவகாரம் நீதிமன்றம் ஏறி, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. தலைவர் தேர்ந்தெடுக்கப்படுபவர்தானே, ஊழியர் அல்லவே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. முழுநேர, சம்பளப் பதவிக்கு யார் நிற்கலாம் என்று விதிக்கும் வயது வரம்பு, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறைக்குள் வரும் என்று 2022 ஜூன் 2-இல் தீர்ப்பானது. அந்த நெறிமுறையில் தொழிலாளர் அமைப்பில் பங்கேற்பதைப் பற்றிய பிரிவும் பொருந்தும் என்றது நீதிமன்றம். அதைக் கொண்டு சம்பளமில்லாத பதவிக்கும் வாதாட இடமிருக்கிறது என்பது என் கருத்து.

ஒன்றைக் கவனியுங்கள்: வயது வரம்பே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தக்க நோக்கமும் அளவான வழிமுறையும் இருந்தால் சங்கம் அதை நியாயப்படுத்தலாம்.

அமெரிக்காவில் இன்னும் கறார். குறைந்தபட்ச வயது வைக்கலாம். கட்டாய ஓய்வு வயதைச் சொல்லிப் போட்டியிடுவதைத் தடுப்பது 1967-ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு முரண் என்று தொழிலாளர் துறையின் ஒழுங்குவிதியே கூறுகிறது.

"இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா?" என்று உங்கள் செயலாளர் கேட்பார். நியாயமான கவலைதான், ஒரே ஆள் பதவியில் உறைந்துபோனதால் நலிந்த சங்கங்கள் உண்டு. ஆனால் வயது வரம்பு அந்த நோயைத் தொடுவதே இல்லை. முப்பதில் தலைவரானவர் இந்த விதிப்படி முப்பது வருடம் அசையாமல் உட்காரலாம். வாழ்நாளெல்லாம் இயந்திரத்தோடு நின்றுவிட்டு 61-இல் முதன்முறையாகப் போட்டியிட வரும் உங்களைத்தான் அது வெளியே நிறுத்துகிறது. பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். வழக்கில் உங்கள் முதல் வாதம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, விதி எப்போது புகுத்தப்பட்டது என்று பொதுக்குழுத் தீர்மானப் புத்தகத்தில் பாருங்கள். குறிப்பிட்ட ஒருவர் வேட்பாளராகப் போகிறார் என்று தெரிந்த பிறகு வந்திருந்தால், அந்தப் பக்கத்தின் நகல் பெரிய சாட்சி.

வேட்புமனுவைத் தாக்கல் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். நிராகரிப்பை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டை முதலில் முடியுங்கள். அதை முடிக்காமல் வழக்குக்கு வந்தால் பல நாடுகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெடுவும் குறுகியது: அமெரிக்காவில் உள்முறையீடு முடிந்தபின் தொழிலாளர் துறையிடம் புகார் தர ஒரு மாதம்தான். உங்கள் நாட்டுச் சட்டத்தில் எத்தனை நாள் என்பதைத் தேர்தல் அறிவிப்பு வருமுன்பே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.