நோட்டாம் மட்டும் போதாது

வேலைக்காக மூடிய ஓடுபாதைக்கு நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) போட்டாச்சு, அப்புறம் தடுப்பு எதற்கு என்று உங்கள் மேலாளர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தைப்பே விபத்தைச் சொல்லிப் பாருங்கள். 2000 அக்டோபர் 31, புயல் மழை இரவு. 05ஆர் ஓடுபாதையில் வேலை நடக்கிறது, மூடியிருக்கிறது என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு நோட்டாமில் தெரியும். ஆனாலும் தாங்கள் போகவேண்டிய இணை ஓடுபாதையான 05எல் என்று நினைத்து, மூடிய 05ஆரில்தான் திரும்பினார்கள். வேகமெடுத்த விமானம் அங்கே நின்ற கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்துபோனார்கள். திரும்பும் இடத்தில் மறிக்க ஒரு தடுப்புகூட இல்லை.

அதனால் ஒவ்வொரு நுழைவிலும் சிவப்பு விளக்கோடு தடுப்பு, இரு முனையிலும் பெரிய பெருக்கல் குறி கட்டாயம் வேண்டும். அங்கே இட்டுச்செல்லும் பச்சை விளக்குகளையும் அணைக்கச் சொல்லுங்கள். சரி, காலையில் ஓடுபாதையைத் திறக்கும் முன் நடந்தே பாருங்கள். ஜீப்பில் போனால் கிடக்கும் போல்ட் கண்ணில் படாது.