மோஹாக்குகள், உயரம், பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக மொன்றியலில் வசிக்கிறேன். பிள்ளைகளின் பள்ளி விழாவோ நகரசபைக் கூட்டமோ, எது தொடங்கினாலும் முதலில் ஒரு அறிவிப்பு வாசிக்கிறார்கள். இந்த நிலம் கனியென்கெஹாகா மக்களுடையது, அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று. நாங்களும் அமைதியாகக் கேட்டுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவோம். அந்த மக்கள்தான் மோஹாக்குகள் என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. இணையத்தில் தேடினால், நியூயார்க்கின் வானுயரக் கட்டடங்களைக் கட்டியவர்கள், பிறவியிலேயே உயரத்துக்குப் பயப்படாதவர்கள் என்றே திரும்பத் திரும்ப வருகிறது. இது உண்மையா? என்னுடன் வேலை செய்யும் சிலரோ, அவர்கள் சண்டைக்காரர்கள், பாலத்தை மறித்தவர்கள் என்று இன்றும் கோபமாகச் சொல்கிறார்கள். அந்த மெர்சியே பாலத்தில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். யார் சொல்வதை நம்புவது?

ஒரு வாசகி, மொன்றியல்

அன்புள்ள சகோதரி,

பிறவியிலேயே உயரத்துக்குப் பயப்படாத மக்கள் என்று உலகத்தில் யாரும் கிடையாது. மோஹாக் இரும்புத் தொழிலாளர்களிடமே இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எல்லாரையும் போல எங்களுக்கும் பயம் உண்டு, பயத்தோடு வேலை செய்யப் பழகிக்கொண்டோம் என்பதுதான் அவர்களில் பலர் சொன்ன பதில். ஆனாலும் இந்தக் கதை நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கஷ்டப்பட்டுக் கற்ற தொழிலை ‘அது அவர்கள் ரத்தத்தில் உள்ளது’ என்று சொன்னால் பாராட்டு மாதிரிதான் தெரியும். உண்மையில் அவர் கற்றதையும் இழந்ததையும் அது ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. அவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

1886இல் கனடியன் பசிபிக் ரயில்வேக்காக செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். அதன் தென்முனை இறங்கிய இடம் கானவாகே, மோஹாக்குகளின் ஊர். நிலத்தைப் பயன்படுத்துவதற்கு ஈடாக ஊராருக்கு வேலை தருவதாகப் பேச்சு. கிடைத்தது சாமான் இறக்குகிற, சுமக்கிற வேலை. இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் பாலத்தின் மேலேறி நடந்து பார்த்தார்கள். விரட்டிப் பார்த்த மேஸ்திரிகள் கடைசியில் சிலருக்கு ரிவிட் (இரும்பு உத்தரங்களை இணைக்கும் ஆணி) அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ரிவிட் அடிப்பதற்கு நான்கு பேர் வேண்டும். ஒருவர் சின்னக் கரி உலையில் ரிவிட்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவார். தள்ளி நிற்கும் இன்னொருவர் அதைத் தகரக் குவளையில் பிடித்து உத்தரத்தின் துளையில் சொருகுவார். மூன்றாமவர் ரிவிட்டின் தலைப்பக்கம் இரும்புத் தண்டை வைத்து முட்டுக்கொடுப்பார். நான்காமவர் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுத்தியலால் அடித்து மழுக்குவார். இரும்பு ஆறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நிற்பதற்குச் சில பலகைகள்தான், கீழே ஆறு. வீசுகிறவரின் கைமேல் நம்பிக்கை இல்லாதவர் அங்கே ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அதனால் அண்ணன் தம்பிகளும் மாமன் மருமகன்களுமாகக் குழு சேர்ந்தார்கள். வேலை இருக்கிற இடத்துக்கு உறவோடு உறவாகப் போனார்கள்.

1907இல் கியூபெக் நகரத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த பாலத்துக்கும் அப்படித்தான் போனார்கள். தூண்களுக்கு இடையே உள்ள நடுப்பகுதி உலகத்திலேயே நீளமானதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் கட்டிய பாலம் அது. அந்த நடுப்பகுதியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியவர்கள், பாலத்தின் சொந்த எடையை ஒழுங்காகத் திரும்பக் கணக்கிடவில்லை. கீழ் உத்தரங்கள் வளையத் தொடங்கியதைத் தளத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், தகவலும் சொன்னார்கள். ஆலோசகப் பொறியாளர் இருந்தது நியூயார்க்கில். மேற்கொண்டு சுமை ஏற்ற வேண்டாம் என்ற அவருடைய உத்தரவு தளத்துக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆகஸ்ட் 29, வேலை முடிகிற நேரம். கால் நிமிடத்தில் பாலம் ஆற்றுக்குள் போய்விட்டது. 75 பேர் செத்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகேக்காரர்கள். ஒரு சின்ன ஊரில் ஒரே மாலையில் அத்தனை வீடுகள் ஆண் துணையற்றுப் போயின. அந்த ஊர்க் கல்லறைகளில் இரும்பு உத்தரத் துண்டுகளால் செய்த சிலுவைகளை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஊர்ப் பெண்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை வேறு: போங்கள், ஆனால் இனி எல்லாரும் ஒரே வேலையில் ஒன்றாக நிற்காதீர்கள். குழுக்கள் பிரிந்தன. பஃபலோ, டெட்ராய்ட், அப்புறம் நியூயார்க். எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலும் உலக வர்த்தக மையத்திலும் மோஹாக்குகள் வேலை செய்ததன் பின்னால் இந்த முடிவும் இருக்கிறது. புரூக்ளினில் ஒரு சின்னக் கானவாகேயே உருவானது. மளிகைக் கடையில் அவர்களுடைய ரொட்டிக்கு வேண்டிய சோளமாவு விற்றார்கள். அங்கிருந்த ஒரு தேவாலயத்தின் போதகர் மோஹாக் மொழி கற்று அதிலேயே வழிபாடு நடத்தினார். ஆண்களோ வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காரில் ஏறி இரவெல்லாம் ஓட்டி ஊருக்குப் போவார்கள். நெடுஞ்சாலை வருவதற்கு முன் அது பன்னிரண்டு மணி நேரப் பயணம்.

பெண்கள் சொன்னதை ஏன் கேட்டார்கள்? மோஹாக்குகள் தாய்வழிச் சமூகம். ஆமை, ஓநாய், கரடி என்று மூன்று குலங்கள். குழந்தை தாயின் குலத்தைச் சேரும். கல்யாணம் ஆன ஆண் மனைவி வீட்டாரின் நீள்வீட்டுக்கு, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீளமான வீட்டுக்கு, போவான். சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைக்கிற விவசாயம் பெண்கள் கையில். களஞ்சியமும் அவர்கள் கையில். அவர்கள் உணவு கட்டிக் கொடுக்காவிட்டால் போர்ப் பயணமே கிளம்பாது. ஹோடினோஷோனி என்ற கூட்டமைப்பில் மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து மக்கள். பிறகு டஸ்கரோராக்களும் சேர்ந்து ஆறாயிற்று. அதில் மோஹாக்குகள் கிழக்கு வாசலின் காவலர்கள். மாமன்றத்தில் உட்காருகிற தலைவனை நியமிப்பவர் குலத்தாய். தவறு செய்தால் அவர்தான் மூன்று முறை எச்சரிப்பார். திருந்தாவிட்டால் பதவியின் அடையாளமான மான்கொம்பைத் திரும்ப வாங்கிவிடுவார். லஃபிதோ என்ற பிரெஞ்சு ஜேசுசபைப் பாதிரியார் 1712 முதல் சில வருடங்கள் கானவாகேயில் இருந்தவர். உண்மையான அதிகாரம் இங்கே பெண்களிடம்தான் இருக்கிறது என்று 1724இல் வெளியான தன் நூலில் எழுதினார். (அந்த ஊர்ப் பக்கத்துக் காட்டில் ஜின்செங் என்ற மருந்துச் செடியை அடையாளம் கண்டவரும் அவர்தான். அது சீனாவுக்கு ஏற்றுமதியாகிப் பெரிய வியாபாரமே நடந்தது.)

உங்கள் சகபணியாளர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்டு. மோஹாக்குகள் கடுமையாகப் போரிட்டவர்கள். பெரியம்மை 1634இல் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. டச்சுக்காரர்களின் துப்பாக்கியும் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வியாபாரமும் பழைய பகையைக் கொலைவெறியாக்கின. 1649 வாக்கில் வெண்டாட் என்ற இன்னொரு பழங்குடி மக்களைச் சிதறடித்ததில் மோஹாக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் மூடிமறைக்க மாட்டேன். பிடித்து வந்த கைதிகளில் பலரை, இறந்தவர்களின் இடத்தில் பிள்ளையாக, சகோதரனாக வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அதில் முடிவெடுத்ததும் பெரும்பாலும் பெண்கள். மொன்றியல் தீவு பற்றியும் வாதம் உண்டு. 1535இல் பிரெஞ்சுக் கடலோடி கார்த்தியே அங்கே கண்ட ஊரின் மக்களுக்கும் மோஹாக்குகளுக்கும் என்ன உறவு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்கிற அந்த அறிவிப்பில் உள்ள அடிப்படை விஷயம், விற்காத நிலம் என்பது, இந்த வாதத்தால் பொய்யாகிவிடாது.

இந்தத் தாய்வழிச் சமூகத்தின் தலைமேல் கனடா ஒரு தந்தைவழிச் சட்டத்தை வைத்தது. 1876இன் இந்தியர் சட்டப்படி, வெளியாளை மணந்த பழங்குடிப் பெண், பழங்குடியினர் என்ற தன் சட்ட அந்தஸ்தை இழப்பாள், அவள் பிள்ளைகளும் இழப்பார்கள். வெளியாளை மணந்த ஆணுக்கு ஒன்றும் ஆகாது. அவன் கட்டிவந்த வெள்ளைக்காரிக்கும் அந்தஸ்து கிடைக்கும். மேரி டூ-ஆக்ஸ் எர்லி 1911இல் கானவாகேயில் பிறந்தவர். ஐரிஷ் அமெரிக்கர் ஒருவரை மணந்து புரூக்ளினில் வாழ்ந்தார். சட்டத்தின் கண்ணில் அவர் மோஹாக் இல்லை. ஊர் வீட்டைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள வழியில்லாமல் மகள் பெயருக்கு மாற்றினார். 1966இல் இதே நிலையில் இருந்த ஒரு தோழி, ஊரை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவால் மனம் நொந்து, மாரடைப்பில் இவர் கையிலேயே இறந்தார். அதன் பிறகு மேரி ஓயவில்லை. ஊர் நிலத்தில் நாய்களுக்குக்கூடப் புதைகுழி உண்டு, எனக்கு இல்லை என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். 1975இல் மெக்சிகோ நகரத்தில் சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இருந்தபோது ஊரிலிருந்து தொலைபேசி: ஊர்ச் சபை இவரை வெளியேறச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அந்த உலக மாநாட்டிலேயே அதைச் சொன்னார். சபை பின்வாங்க வேண்டியதாயிற்று.

கவனியுங்கள், இங்கே எதிரே நின்றது ஒட்டாவாவில் இருக்கிற கனடா அரசு மட்டும் இல்லை. சொந்த ஊரின் ஆண்களும்தான். நூறு வருடம் ஒரு சட்டத்தின் கீழ் வாழ்ந்தால் அந்தச் சட்டமே மரபு மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடும். 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தஸ்தைத் திரும்பப் பெற்ற முதல் பெண் மேரிதான், எழுபது வயதைத் தாண்டி. 1996இல் இறந்து கானவாகேயிலேயே அடக்கமானார். ஊருக்கு யார் சொந்தம் என்ற சண்டை அத்தோடு முடிந்துவிடவில்லை. வெளியாளை மணந்தவர் ஊரில் வசிக்கலாமா என்று கானவாகேயில் நீதிமன்றம் வரை வழக்கு போனது. எளிதான பதில் இல்லாத விஷயம் இது. மிகச் சிறிய மக்கள்தொகை, சுற்றிலும் பெருநகரம். அவர்களுடைய பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் என் மனம் மேரி பக்கம்தான்.

இனி பாலத்துக்கு வருவோம். 1990இல் மொன்றியலுக்கு மேற்கே உள்ள ஓகா நகரசபை, ஒன்பது குழிக் கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டாக்கத் திட்டமிட்டது. அதற்குக் குறித்த இடம், ஓகாவை ஒட்டிய கானெசதாகே ஊர் மோஹாக்குகளின் பைன் மரக்காடு, பக்கத்திலேயே அவர்களுடைய இடுகாடு. 1717இல் பிரெஞ்சு மன்னர் அந்த நிலத்தை ஒரு பாதிரியார் சபைக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நடக்கிற வழக்கு இது. ஜூலை 11 விடியற்காலையில் போலீஸ் வந்து, உங்கள் தலைவர் யார் என்று கேட்டது. முன்னால் வந்து நின்றவர்கள் பெண்கள். நிலம் எங்கள் பொறுப்பு, எங்களிடம் பேசுங்கள் என்றார்கள். போலீஸுக்கு அது புரியவில்லை. கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு. மார்செல் லெமே என்ற போலீஸ்காரர் இறந்தார். கானவாகேக்காரர்கள் மெர்சியே பாலத்தை மறித்தது அன்றுதான், கானெசதாகேயை மறுபடி தாக்கவிடாமல் இருக்க. வாரக்கணக்கில் மக்கள் சுற்றிச் சுற்றி வேலைக்குப் போனார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆகஸ்ட் 28 அன்று, ராணுவம் வரும் என்று பயந்து கானவாகேயிலிருந்து பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமாகக் காரில் வெளியேறியபோது, அதே பாலத்தின் மறுமுனையில் கூட்டம் நின்று கல்லெறிந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் மறித்த கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கானெசதாகேயில் போலீஸும் பிறகு ராணுவமும் போட்ட முற்றுகை 78 நாள் நீடித்தது. கடைசி நாளில், நான்கு வயதுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பதினான்கு வயது வனீக் ஹார்ன்-மில்லரின் நெஞ்சில் ராணுவ வீரர் ஒருவரின் துப்பாக்கி ஈட்டி குத்தியது. அந்தப் பெண் பிழைத்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கனடாவின் நீர்ப்பந்து (வாட்டர் போலோ) அணிக்கு இணைத்தலைவியாக இறங்கினார். கோல்ஃப் மைதானம் விரியவில்லை. நில வழக்கு இன்னும் தீரவில்லை.

அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அதுவும் உங்கள் பாலத்தின் தென்முனையிலேயே. அந்த அறிவிப்பைக் கேட்டால் என்றோ வாழ்ந்தவர்கள் போலத் தோன்றும். 1978இல், கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, கானவாகே மாணவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வெளியேறினார்கள். ஊரார் தாங்களே ஒரு பள்ளி தொடங்கினார்கள். மறு வருடம் அக்வெசாஸ்னி என்ற இன்னொரு மோஹாக் ஊரிலும் பெற்றோர்கள் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அங்கே பாடமே மோஹாக் மொழியில். காலையில் நன்றியுரையோடு நாள் தொடங்கும். மக்களுக்கு, பூமிக்கு, தண்ணீருக்கு, மீனுக்கு, செடிக்கு, மிருகங்களுக்கு, மரங்களுக்கு, பறவைகளுக்கு, காற்றுக்கு, இடிக்கு, சூரியனுக்கு, நிலாப் பாட்டிக்கு என்று ஒவ்வொன்றாக நன்றி சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இப்போது நம் மனங்கள் ஒன்று’ என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளை அடித்து இந்த மொழியை மறக்கவைத்த விடுதிப் பள்ளிகளில் ஒன்று, ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டில் மோஹாக்குகளின் பெயரிலேயே 1970 வரை நடந்தது. அதை நினைத்துக்கொண்டு இந்தக் காலை நேரத்தைப் பாருங்கள்.

ஜூலையில் கானவாகேயில் பவ்வாவ் என்ற ஆடல் பாடல் விழா நடக்கும். யாரும் போகலாம். முற்றுகைக்கு மறு வருடம், 1991இல் தொடங்கியது. 1950களில் கடல்வழிக் கால்வாய்க்காக ஊரின் ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டார்களே, அந்தக் கால்வாயைத் தோண்டிய மண்ணில் உருவான தீவில்தான் விழா. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் நிறுத்தப் பலகையில் மோஹாக் மொழியில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். சிவப்பு பீன்ஸ் போட்டு வேகவைத்த சோள ரொட்டி கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். பக்கத்தில் இரும்பு வேலைக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் உயரத்தைப் பற்றிக் கேட்காமல் அவருடைய அம்மா எந்தக் குலம் என்று கேளுங்கள்.

அன்புடன்.