அந்தக் கிண்ணத்தை ஏன் நகர்த்தினீர்கள்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் செம்பவாங் பக்கத்துக் காட்டில் படம் எடுத்துவருகிறேன். துருப்பிடித்த வாளி, பாட்டில், பீங்கான் உடைசல் என மனிதர்கள் எறிந்த பொருள்கள்தான் எடுக்கிறேன். ஓர் எனாமல் கிண்ணத்தைப் பாசி படர்ந்த வேர்மேல் வைத்து, பூ ஒன்றையும் போட்டு எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். குப்பையை அழகாகக் காட்டுவது குப்பை போடுவதை நியாயப்படுத்துவதாகாதா என்று தோழி கேட்கிறாள். இது கலைதானா?

– ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

தோழியின் கேள்வியை விடுங்கள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் காட்டில் கிண்ணத்தை எறியப் போவதில்லை. கலையா இல்லையா என்பதை இன்னும் ஐம்பது படம் எடுத்தபின் பேசலாம்.

என் கோபம் வேறு. அந்தக் கிண்ணத்தை ஏன் தூக்கினீர்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் நீலக்கோடு, எனாமல் உரிந்த இடத்தில் கருந்துரு, உள்ளே பாதிவரை இறுகிய மண். அவ்வளவு மண் சேர எத்தனை மழைக்காலம் ஆகியிருக்கும்! அது எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாம் போயிற்று. போதாததற்குப் பூ வேறு. செத்த வீட்டில் சாமானை அடுக்கிவைத்துப் படம் எடுப்பீர்களா?

2024 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் சிங்கப்பூர் சார்பில் பங்கேற்ற கலைஞர் ராபர்ட் ஜாவ் ரென்ஹுய், கில்மன் பேரக்ஸ் என்ற பழைய ராணுவ முகாமின் ஓரக் காட்டைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே கைவிடப்பட்ட குப்பைத்தொட்டி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி, பறவைகள் குடிக்க வந்தன. அவர் கேமராவை வைத்துக் காத்திருந்தார். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ‘எறிந்த’ என்ற சொல். யார் எறிந்தார்கள்? நீங்கள் நடக்கும் காடு ஆதிக்காடு இல்லை தம்பி. கம்பத்து வீடுகள், அதாவது பழைய கிராமத்து வீடுகள், காலியானபின் அல்பீசியா மரங்கள் ஏறி மூடிய நிலம் அங்கே நிறைய உண்டு. காட்டு நடுவில் ரம்புத்தான் மரமும் வாழையும் சேர்ந்து நின்றால், அங்கே ஒரு வீட்டின் புழக்கடை இருந்திருக்கும். பார்த்தீர்களா? அங்கே கிடப்பதில் பாதி எறிந்தது இல்லை, விட்டுப்போனது.

அப்பாவுக்குச் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் வெள்ளைக்காரன் கிளம்பினான். மூன்று வருடம் கழித்து நாங்களும் தோ பாயோவுக்குக் கிளம்பினோம், ஒன்பதாவது மாடியில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு. ஆட்டுக்கல்லை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார் லாரிக்காரர். அம்மா கெஞ்சவில்லை. கல்லைக் கழுவினார். திரும்பி வரப்போகிறவர் போல அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். குழவிக்கல்லை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. புது வீட்டில் மாவுக்கு மிஷின் வந்தது, குழவி கதவுக்கு முட்டுக்கொடுத்தது. இன்றைக்கும் என் வீட்டு வாசலில் அதுதான் நிற்கிறது.

இப்போது நாம் தூக்கிப்போடும் எதையும் இப்படி யாரும் கண்டெடுக்க முடியாது. எரித்துச் சாம்பலாக்கிப் படகில் செமக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். 1999இலிருந்து அப்படித்தான். அது தேவையான ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் கிண்ணம் ஒன்றுகூடக் கிடைக்காது. அதனால்தான் நீங்கள் கையில் எடுத்த கிண்ணத்துக்காக இத்தனை கோபம்.

படங்களை நிறுத்திவிடாதீர்கள். வாளிப் படம் நன்றாக இருக்கிறது, அதை நீங்கள் தொடவில்லை என்று தெரிகிறது. கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். வழியில் ஆட்டுக்கல் எதுவும் தென்பட்டால், குழியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எங்கள் கல்லுக்கு வாயோரம் இடப்பக்கம் கட்டைவிரல் அளவு உடைந்திருக்கும்.

அன்புடன்,
அக்கா