இதய ஓட்டையை நெஞ்சைத் திறக்காமல் அடைப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகளுக்கான கேத் லேபில் (இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறை) 12 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கேட்ட எல்லோருக்கும் இங்கேயே எழுதுகிறேன். ஆனால் உங்கள் பிள்ளையின் எக்கோவை (இதய ஸ்கேன்) நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முடிவு, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

சிஸ்டர், மகளுக்கு 4 வயது. மேலறைச் சுவரில் 14 மி.மீ. ஓட்டை. தொடை வழியாக டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் சிறு கருவி) வைக்கலாம் என்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

செய்யலாம் அம்மா. 2002-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் 442 பேருக்கு டிவைஸ், 154 பேருக்கு அறுவை சிகிச்சை செய்து ஒப்பிட்டார்கள். அறுவை எல்லோருக்குமே வெற்றியாக முடிந்தது, டிவைஸை வெற்றியாக வைக்க முடிந்தது 95.7 சதவீதம் பேருக்கு. ஆனால் சிக்கல்கள் அறுவையில் 24 சதவீதம், டிவைஸில் 7.2 தான். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "ஓட்டையைச் சுற்றி விளிம்பு போதுமா?" டிவைஸ் அந்த விளிம்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கும். சுவரின் நடுவில் இருக்கும் ஓட்டைக்குத்தான் இது சரிப்படும், மேல் ஓரத்திலோ வால்வை ஒட்டியோ இருந்தால் அறுவைதான்.

உள்ளே போனபின் டிவைஸ் கழன்றுவிட்டால்? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

உங்கள் பயம் புரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிவைஸ் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு சிறு இடுப்பு. இழுத்தால் நூல்போல நீண்டு குழாய்க்குள் போய்விடும், வெளியே வந்ததும் பழையபடி விரியும். முதல் தட்டை இடது மேலறையில் விரித்துச் சுவரோடு இழுத்து ஒட்டவைப்பார்கள், அடுத்து வலதுபக்கத் தட்டு. அப்புறம் டாக்டர், டிவைஸோடு திருகி இணைத்திருக்கும் நீளக் கம்பியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் எங்கள் அறையில் யாரும் பேசமாட்டோம், எல்லோர் கண்ணும் எக்கோ திரையில்தான். அசையாமல் நின்றால் மட்டும்தான் திருகைக் கழற்றுவார்கள். அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மடக்கி வெளியே எடுத்துவிடலாம். அதையும் மீறி நகர்வது நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். அதிலும் பலருக்குச் சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிடுவார்கள், சிலருக்கு அறுவை தேவைப்படும்.

அபூர்வமாக, ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு, டிவைஸ் இதயச் சுவரை அரிக்கலாம். அதனால் திடீர் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மாதங்கள் கழிந்திருந்தாலும் காத்திருக்காமல் ஓடுங்கள். செய்து எத்தனை வருடம் ஆனாலும் எக்கோ பரிசோதனைக்குப் போவதை விடவே கூடாது.

பிள்ளை வளர வளர டிவைஸும் வளருமா?

வளராது. மூன்று முதல் ஆறு மாதத்தில் அதன்மேல் இதயத்தின் சொந்தச் சதை படர்ந்து மூடிவிடும், அப்புறம் சுவர் அதைச் சுற்றி வளரும். அதுவரைக்கும்தான் ஆஸ்பிரின். குழந்தைக்கு அம்மையோ ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலோ வந்தால் ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள். பல் வைத்தியம் என்றால் முதல் ஆறு மாதத்துக்கு டிவைஸ் இருப்பதைச் சொல்லியே தீர வேண்டும்.

பையனுக்கு 5 மாதம், 5 கிலோ. கீழறையில் பெரிய ஓட்டை. எங்களுக்கு மட்டும் ஏன் ஆபரேஷன் என்கிறார்கள்?

தம்பி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கீழறைச் சுவரில் அதிகம் வரும் வகை ஓட்டையின் ஓரத்திலேயேதான் இதயத்துடிப்பைக் கடத்தும் பாதை ஓடுகிறது. டிவைஸ் அதை அழுத்தினால் துடிப்பு தடைப்பட்டு பேஸ்மேக்கர் வரை போகலாம். பக்கத்திலேயே வால்வும் இருக்கிறது, இவ்வளவு சின்ன இரத்தக்குழாயில் பெரிய குழாயும் நுழையாது. அறுவை என்றதும் மனம் உடைய வேண்டாம், இந்த வயதில் நன்றாகப் பழகிய சிகிச்சை அது. டிவைஸ்தான் வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து மாதங்களைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் நுரையீரல் அழுத்தம் ஏறிவிடும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

குறைமாதக் குழந்தைக்கு பிடிஏ (பிறந்தபின் மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாய் மூடாமல் இருப்பது). 1 கிலோகூட இல்லையே?

700 கிராமிலிருந்தே வைக்கக்கூடிய சின்ன டிவைஸ் ஒன்றுக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனுபவமுள்ள பெரிய மையத்தில் கேளுங்கள்.

எனக்கு 42 வயது. இப்போதுதான் ஏஎஸ்டி (மேலறைச் சுவர் ஓட்டை) என்று தெரிந்தது. இனி அடைத்து என்ன பயன்?

நிறையப் பயன் இருக்கிறது அக்கா. வருடக்கணக்கில் கூடுதல் இரத்தம் வந்து வீங்கிய வலது பக்கம் சுருங்கத் தொடங்கும், மூச்சு வாங்குவதும் குறையும். ஆனால் முதலில் நுரையீரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் மிக ஏறி இரத்தம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கியிருந்தால் அடைப்பதே ஆபத்து.

செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடமும் சொல்லலாம், 18 வயது வரை அவர்கள் பார்ப்பார்கள்.

முடிந்த அன்று என்ன கவனிக்க வேண்டும்?

காலை நீட்டியபடி சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், நான்கு வயதுக்காரியை அப்படி வைப்பதுதான் பெரும்பாடு. பிடித்த பொம்மை, கார்ட்டூன் போட்ட போன் எல்லாம் கொண்டு வாருங்கள். போர்வையை அடிக்கடி விலக்கித் தொடை மடிப்பில் இரத்தம் கசிகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பாதம் சில்லென்று இருந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.