கால் மெலிந்தவருக்கு இரைப்பை சிகிச்சை தாங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 76, எடை 52 கிலோ. இரைப்பையில் ஆரம்ப நிலைப் புற்று. வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியே எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் ஒரு வருடமாகக் கால் மெலிந்து, நாற்காலியில் கையூன்றித்தான் எழுகிறார். சிகிச்சை அவருக்குத் தாங்குமா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: பெரும்பாலும் தாங்கும். உள்படலத்துக்கு அடியில் திரவம் செலுத்தி உப்ப வைத்து, சுற்றிலும் கீறி, கட்டியை ஒரே துண்டாக உரித்தெடுப்பார்கள். ரத்தக்கசிவு, இரைப்பையில் துளை ஆகியவையே முக்கிய ஆபத்துகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது அந்தக் காலைப் பற்றித்தான். புற்று முழுதாக நீங்கிய முதியவர்களிலும், தசை குறைந்தவர்கள் பிற்பாடு நிமோனியா போன்ற வேறு நோய்களால் இறப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. தசை வற்றியவருக்கு விழுங்கும் வலுவும் இருமும் வலுவும் குறைவு. அதனால் உமிழ்நீரும் உணவும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். உரித்த துண்டைப் பரிசோதித்து, புற்று ஆழமாக இறங்கியிருக்கிறது, அறுவை வேண்டும் என்று சொன்னால், அதைத் தாங்குவாரா என்ற முடிவிலும் தசை வலுவுக்குப் பங்குண்டு.

வீட்டிலேயே பாருங்கள். கைகளை மார்பில் கட்டி, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், எழவே முடியாவிட்டாலும் தசைக்குறைவைச் சந்தேகிக்கலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ.க்குக் குறைவென்றாலும் அப்படியே. கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

அதற்காகச் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கும் நாட்களிலேயே தொடங்குங்கள். சுவரோரம் உறுதியான நாற்காலி போட்டு, ஒருவர் அருகில் நிற்க, 5 முதல் 8 முறை எழுந்து உட்காரட்டும், முதலில் கையூன்றலாம். காலையும் மாலையும் இதைச் செய்து, கூடவே நடக்கட்டும்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று, இவருக்கு நாளுக்குச் சுமார் 62 கிராம் வேண்டும். மரச்சீனிக்கிழங்கில் வயிறு நிறையும், புரதம் மிகக் குறைவு. 2 முட்டையில் 12 கிராம், சாளை அல்லது அயிலை மீனின் 100 கிராம் சதையில் 20, பச்சைப்பயறு 50 கிராமில் 12, ஒரு டம்ளர் பாலில் 6. மீதி சோற்றிலிருந்து கிடைத்துவிடும். மூன்று வேளைக்கும் பங்கிட்டுக் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்த முதல் ஓரிரு நாள் பட்டினி, பிறகு கஞ்சி. இங்கேதான் பல வீடுகளில் தவறுகிறது: ‘வயிற்றுப்புண் ஆறட்டும்’ என்று வாரக்கணக்கில் வெறுங்கஞ்சி கொடுத்து, படுக்கையிலேயே வைத்துவிடுகிறார்கள். மருத்துவர் அனுமதித்ததும் பயறு குழைத்த கஞ்சி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஏற்றிக்கொண்டே வாருங்கள். புண் ஆற ஏறக்குறைய 8 வாரம் ஆகும். அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். மலம் தார் போல் கறுத்தாலோ, ரத்த வாந்தியோ கடும் வயிற்றுவலியோ வந்தாலோ, இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.