விரலைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. சின்ன வயதில் இரண்டு வருடம் ஆர்மோனியத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை படித்ததோடு சரி. ஜான் மெக்லாஃப்லின், கிட்டார் பிரசன்னா, மார்க் நாஃப்ளர் மூன்று பேரும் எனக்கு உயிர். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு கல்லூரிப் பையனிடம் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை வாங்கி மூன்று மாதமாக வீடியோ பார்த்துப் பழகுகிறேன். விரல் நுனி எரிகிறது. எஃப் கார்ட் வரவே மாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டதா? எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் சரியாகுமா? நோட்டேஷன் கட்டாயம் படிக்க வேண்டுமா? இவர்கள் வாசிப்பதில் ஒரு துளியாவது என் கைக்கு வருமா?

பதில்: வரும். வயதை விடுங்கள். மூன்று மாதம் விடாமல் பழகியும் எஃப் கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளில் ஒன்று) வரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கிட்டாரைத்தான், விரலை அல்ல. மதுரையில் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதியில் விட்டுப்போனவர்களில் பலருடைய கிட்டாரை வாங்கிப் பார்த்தால், கம்பி பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்கும். அதை நான் வாசித்தாலும் வலிக்கும்.

கிட்டாரின் கழுத்தும் உடலும் சேரும் பக்கமாக 12-வது ப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள். வீணையில் மெட்டு என்போமே, அதுதான் இங்கே ப்ரெட். தடித்த ஆறாம் கம்பிக்குக் கீழே, அந்த ப்ரெட்டின் மேல், எழுத்து புடைக்காத பழைய ஏ.டி.எம். அட்டைகளை அடுக்கி நுழைத்துப் பாருங்கள். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று அட்டை உரசாமல் போய், நான்காவது இடித்தால் உயரம் சரி. ஐந்து அட்டை தாராளமாகப் போனால் உங்கள் மூன்று மாத வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு அட்டை போதும்.

அடுத்து, தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் நட். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தலைமுடி அளவுதான் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்டில் சுட்டுவிரல் எல்லாக் கம்பிகளின் மேலும் குறுக்கே படுவது நட்டை ஒட்டிய முதல் ப்ரெட்டில் என்பதால் இந்தக் குறை அங்கேதான் முழுசாகத் தாக்கும். சோதிக்க இன்னொரு வழி: அதே கை வடிவத்தை ஐந்தாவது ப்ரெட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே சுலபமாக வந்து முதல் ப்ரெட்டில் மட்டும் வரவில்லை என்றால் கையில் குறை இல்லை, நட்டில்தான் குறை.

நீங்கள் கருவிகளோடு புழங்குகிறவர், ஆலன் கீயும் உப்புத்தாளும் கடையிலேயே இருக்கும். அதனால் ஒரு வார்த்தை. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடை நீங்களாகத் திருகாதீர்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்யத்தான், கம்பியின் உயரத்தைக் குறைக்க அல்ல. உயரம் குறைவது, உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டில், அதாவது சாடிலில். 12-வது ப்ரெட் கம்பியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சாடிலின் அடியில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். அடிப்பாகம் சமதளமாக இருப்பது முக்கியம். சாய்வாகத் தேய்ந்தால் சத்தம் செத்துவிடும். பழைய சாடிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதிது ஒன்றை வாங்கித் தேயுங்கள். நட்டின் பள்ளத்தை மட்டும் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள், ஒரு இழுப்பு அதிகமானால் கம்பி கிரீச்சிடும். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறி வாருங்கள். யாரிடம் கொடுப்பது என்று சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் பையன்களிடம் கேளுங்கள். வாராவாரம் வாசிக்கிற அவர்களுக்குத்தான் இந்த ஊரில் எந்தக் கை நல்ல கை என்று தெரியும்.

அப்புறம் கம்பி. கடையில் கேட்டால் பெரும்பாலும் 12 எண் செட் தருவார்கள், முதல் கம்பி 0.012 அங்குலம். அந்த ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. 10 எண் செட் கேட்டு வாங்குங்கள். முதல் கம்பியின் இழுவை மட்டும் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். சத்தம் கொஞ்சம் மெலிதாகும், அது இப்போதைக்குப் பரவாயில்லை. அதுவும் போதாதென்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, இரண்டாவது ப்ரெட்டில் கேப்போ (கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். பாட்டின் சுருதி மாறாது, இழுவை இன்னும் 20 சதவீதம் இறங்கும், நட்டின் தொல்லையும் பாதி தீரும்.

கம்பி வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கிட்டாரின் தலையில் நீளமாக இரண்டு திறப்புகள் இருந்து, நட் பக்கம் கழுத்தின் அகலம் 50 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது நைலான் கம்பிக்குச் செய்தது. அதில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு ஒரு கடையில் அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சித்திரை மாதம் ஒரு மத்தியானம் பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து வந்தது. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இப்போது உங்களுக்குப் பிடித்தவர்களிடம் வருகிறேன். கருவியைக் கைக்குத் தக்கபடி மாற்றச் சொல்வதை ஏதோ குறுக்கு வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கலைஞர்கள் செய்ததே அதுதான். மெக்லாஃப்லின் 1942-ல் பிறந்தவர். கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 1970-களில் சக்தி குழுவில் வாசித்தபோது, ப்ரெட்டுகளுக்கு நடுவிலுள்ள மரத்தையே குழிவாகச் செதுக்கிய கிட்டார் ஒன்றை வைத்திருந்தார். வீணையில் மெட்டுக்குக் கீழே வெற்றிடம் இருப்பதால்தான் கம்பியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கொடுக்க முடிகிறது. அந்த வசதி அவருக்குக் கிட்டாரிலும் வேண்டியிருந்தது. மார்க் நாஃப்ளர் இடது கைப்பழக்கக்காரர், ஆனால் வலது கைக்காரர் போலவே பிடித்து வாசிக்கிறார். கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக்கை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் மீட்டுவதுதான் அவருடைய குரல். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் பல பாட்டுகளுக்கு ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பியில் வாசிப்பார். குயீன் குழுவின் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்பு மேடையின் மரத்தில் கிட்டாரின் கழுத்தைச் செய்துகொண்டவர், பிக்குக்குப் பதில் ஆறு பென்னி நாணயத்தால் மீட்டுபவர்.

எல்லோரையும்விட உங்களுக்குச் சொல்ல வேண்டியது பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியைப் பற்றி. பர்மிங்காமில் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் இயந்திரத்தில் போயின. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிக்கு மாறினார். பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லும் அந்தக் கனத்த ஓசைக்கு இதுவும் ஒரு காரணம். 10 எண் செட் வாங்குவதில் உங்களுக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்த மூவரையும் அப்படியே பின்பற்றப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஆளுக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே சரளி வரிசை இருக்கிறதே, அது பெரிய சொத்து. நான்காம் கம்பியான டி-யை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே கம்பியில் வெறுங்கம்பி, பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12-வது ப்ரெட்டுகள்: மாயாமாளவகௌளை முழுதாக வந்துவிட்டது. 0, 2, 4, 5, 7, 9, 11, 12 என்று போனால் சங்கராபரணம், மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதே ஸ்வரங்கள்தான். பக்கத்திலுள்ள ஐந்தாம் கம்பி ஏ உங்களுக்கு மந்தர ப, அதாவது கீழ் ஸ்தாயி ப. அதைக் கட்டைவிரலால் விட்டு விட்டு மீட்டினால் தம்புராவும் சேர்ந்துவிடும். கட்டைவிரல் தனியாக ஒரு வேலை செய்யப் பழகுவதுதான் நாஃப்ளரிடமிருந்து எடுக்க வேண்டியது. பிரசன்னா ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டுப் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். அவரிடம் கேட்க வேண்டியது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதை. விரலைத் தூக்காமல் 4-லிருந்து 5-க்குச் சறுக்கி, க-விலிருந்து ம-வைத் தொட்டுத் திரும்புங்கள். இழுத்துக் கொடுக்கும் கமகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அக்கூஸ்டிக்கில் அது விரலைக் கிழிக்கும். மெக்லாஃப்லினிடம் வேகத்தை எடுக்காதீர்கள், சொற்கட்டை எடுங்கள். வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே பிக்கை ஒன்று கீழே, ஒன்று மேலே. வாய் தடுமாறுகிற வேகத்தில் கையை ஓட விடாதீர்கள்.

பழகும் நேரம் கடை திறக்கும் முன் 15 நிமிடம், மூடிய பிறகு 15 நிமிடம். ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது நல்லது, நுனித் தோல் காய்த்துவருவதற்கும் இப்படி அளவாகத் தினமும் பழகுவதே உதவும். ப்ரெட்டின் மேல் அழுத்தாமல் அதற்குச் சற்று முன்னால், நட் பக்கமாக அழுத்துங்கள், பாதி பலம் போதும். நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எஃப்-க்குப் பதில் இப்போதைக்கு நான்கு கம்பி மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும், மெல்லிய முதல் கம்பியை அழுத்தாமல் வெறுமனே விட்டால் எஃப் மேஜர் 7, பல பாட்டுக்கு அதுவே அழகாக உட்காரும். இ மைனர், ஜி, சி, டி என்ற நான்கு கார்ட்களிலும் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு நிமிடத்தில் 30 தடவை மாற்ற முடிகிறதா என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். அது வந்த பிறகு முழு எஃப்-ஐத் தொடலாம்.

எலெக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, விரலுக்குச் சுலபம் என்பது உண்மை. ஆனால் ஆம்ப்ளிஃபயர் செலவும் சேரும். பழைய கிட்டாரைச் சரிசெய்து ஆறு மாதம் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். நோட்டேஷன் உடனே வேண்டாம், கம்பிக்கு ஒரு கோடாக ப்ரெட் எண்ணை எழுதும் டேப் என்ற ஆறு கோட்டு முறை உங்களுக்குப் போதும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு போன்ற ஒன்றை எழுதும் ஆசை வந்தால் படிக்கலாம். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, ட்ரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தேறியவர்தான்.

கடைசியாக, கிட்டாரை எங்கே வைக்கிறீர்கள்? கடையில் வைப்பதானால் வெயில் விழும் முன்பக்கம் வேண்டாம், அக்னி நட்சத்திர நாட்களில் பூட்டிய காருக்குள் வேண்டவே வேண்டாம், பசை இளகிவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடையுங்கள். நம் ஊர் வியர்வைக்குப் புதுக் கம்பி ஒரே மாதத்தில் கறுத்துப்போகும். அட்டைச் சோதனையில் எத்தனை அட்டை போனது என்று எழுதுங்கள், சாடிலில் எவ்வளவு தேய்க்கலாம் என்று சொல்கிறேன்.